சலூன் பெஞ்சில் எழுதிய பதினோரு ரிப்போர்ட்

தென்காசியில் தேரடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சலூனில் நாற்காலி இரண்டு, பெஞ்சு ஒன்று, கண்ணாடி மூன்று. மூன்றாவது கண்ணாடியில் பாதி ரசம் போயிருந்தது. இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். பத்திரிகை ஒன்றுதான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை நான்கு தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுச் செய்தி உள்ள தாள் எப்போதும் இலஞ்சித் தேங்காய் வியாபாரியின் கைக்குத்தான் போகும். அவர் சத்தமாகப் படிப்பார். படித்து முடிப்பதற்குள் யாராவது குத்தலாக ஏதாவது சொல்லிவிடுவார்கள்; வெட்டுப் பேச்சு என்போம். அதற்காகத்தான் அங்கே போனோம். முடி ஒன்றும் வாரத்துக்கு வாரம் வளர்ந்துவிடுவதில்லை.

ரஷ்யாக்காரன் ராக்கெட்டில் நாயை ஏற்றி அனுப்பிய செய்தி வந்தபோது, வியாபாரி தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊர்லயும்தான் பஞ்சாயத்துக்காரன் நாய வண்டியில ஏத்திக்கிட்டுப் போறான். ரெண்டு நாயும் திரும்பி வந்த பாடில்ல."

நிலாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்த செய்திக்குச் சலூன்காரர் கத்தியைத் தீட்டியபடியே பதில் சொன்னார். "என் முதுகுல மூணு மாசமா ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில அத ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கான். நெலாவுக்கு முதுகு இருக்காம், அதப் பாக்கப் போயிட்டான்."

பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் தினமும் உட்கார்ந்திருப்பார். சாதா உடுப்பில் ஊர்ப் பேச்சைக் கேட்டு மேலே எழுதிப் போடும் போலீஸ்காரர். வடகரைப் பக்கத்து ஆள். அவர் சி.ஐ.டி. என்பது ஊருக்கே தெரியும். தலையைப் பார்த்தாலே போலீஸ் முடிவெட்டு. அதை வெட்டிவிட்டதும் எங்கள் சலூன்காரர்தான். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். நல்ல மனிதர். ஆனால் எழுத்து வராது. அவர் எழுதிய ரிப்போர்ட்டெல்லாம் 'எத்தனை பேர், யார் யார், என்ன பேசினர்?' என்ற கேள்வியோடு திரும்பி வந்துகொண்டிருந்தன.

அப்போது நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தா. மூன்று வருஷம், நான்கு மாதம். நிரந்தர ஆர்டர் வரவேண்டுமானால் போலீஸ் விசாரணை முடிந்து, 'இவர்மேல் ஒன்றுமில்லை' என்று ஒரு காகிதம் வரவேண்டும். அந்தக் காகிதத்துக்காகச் சுரண்டையில் ஒரு வீடும் காத்திருந்தது. பெண்ணின் அப்பா, "ஆர்டர் வரட்டும், அன்னைக்கே நாள் பாத்துருவோம்" என்று சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "நீரு ஆபீஸ்ல எழுதுத ஆளு. எனக்கு இத ஒரு தாள்ல எழுதித் தாருமேன். நான் பாத்து எழுதிக்கிடுதேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். நான்காவது வாரத்திலிருந்து பார்த்து எழுதுவதையும் விட்டுவிட்டார். என் தாளிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எல்லோர் முன்னாலும்தான் எழுதினேன். வியாபாரி ஒரு வெட்டுப் பேச்சு பேசிவிட்டு, "எழுதியாச்சா? 'வெளியே'ன்னு போடாதேயும், 'வெளில'ன்னு போடும், அப்பத்தான் நான் பேசுன மாதிரி இருக்கும்" என்பார்.

அறுபதாம் வருஷம், சாரல் தொடங்கிய சமயம். அமெரிக்காக்காரனின் ஏரோப்பிளேன் ஒன்று ரொம்ப உயரத்தில் பறந்து ரஷ்யாவைப் படம் எடுத்ததாகவும், ரஷ்யாக்காரன் அதைச் சுட்டு வீழ்த்திவிட்டதாகவும் செய்தி நாள் கணக்கில் வந்துகொண்டிருந்தது.

"அவ்வளவு உயரத்துல இருந்து எல்லாம் தெரியுமாம்லா?" என்றார் சலூன்காரர். "அப்ப குத்தாலத்துல குளிக்குதவ கதி?"

"நல்லாக் கவலப்பட்டீரு! சாரல் அடிக்கும்போது பக்கத்துல குளிக்குதவனே தெரிய மாட்டான்" என்றார் வியாபாரி.

"சரிவே, இங்கன வந்தா? தென்காசிய எடுத்தா?"

வியாபாரி வாசலுக்கு வெளியே பார்த்தார். பல காலமாக மேலே பிளந்து நின்ற கோவிலின் மொட்டைக் கோபுரம் தெரிந்தது. "நம்ம கோவரத்தப் பாத்தாம்னா, இங்க ஏற்கெனவே குண்டு போட்டாச்சுன்னு நெனச்சுத் தாண்டிப் போயிருவான்" என்றார்.

அண்ணாச்சியே சிரித்துவிட்டார். வியாபாரி அவர் பக்கம் திரும்பினார். "நம்ம சர்க்காருக்கு ஏரோப்பிளேன் செலவே இல்ல. அண்ணாச்சி பெஞ்சுலயே இருந்து பாக்குதாவ. சுட்டுத் தள்ளவும் வேண்டாம், ஒரு டீ வாங்கிக் குடுத்தா தானா எறங்கிருவாவ."

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நானும் வாயைத் திறந்தேன். அத்தனை வருஷத்தில் நான் அங்கே சொன்ன ஒரே வெட்டுப் பேச்சு அதுதான். "அந்த ஏரோப்பிளேன எங்க ஆபீசுக்கு மேல ஒரு தடவ விடச் சொல்லணும். எத்தன பேரு முழிச்சிருக்கோம்னு அப்பத்தான் கணக்குத் தெரியும்."

ஐந்து பேர் சிரித்தார்கள். சலூன்காரர் நாற்காலியில் இருந்தவரின் கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அன்றைய ரிப்போர்ட்டில் அதையும் எழுதினேன். பேசியவர் என்ற இடத்தில் என் பெயர். கீழே, 'ஐவர் சிரித்தனர்'. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "உம்ம பேர எதுக்குவே போடுதீரு?" என்று கேட்டார். "நானும் இருந்தேன்லா? எண்ணிக்க குறையக்கூடாது" என்றேன். எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். சொன்னது நான் என்று ஒரு காகிதத்தில் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இவ்வளவு காலம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆறு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். என் விசாரணைக் காகிதம் அவர் மேஜைக்கு வந்திருந்தது. அதன்மேல் அந்த ரிப்போர்ட். அண்ணாச்சி வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நான் சொன்ன வெட்டுப் பேச்சை வாசித்துக் காட்டினார். அவர் வாசித்தபோது அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

"இது நீர் சொன்னதா?"

"ஆமா சார்."

"ஏன் சொன்னீர், எதுக்குச் சொன்னீர்னு ஒரு விளக்கம் எழுதிக் கொடும்" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

எழுதினேன். நான்கு வரி எழுதிய பிறகுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. அவர் என் தாளை வாங்கி ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே மின்விசிறி டக் டக்கென்று சுற்றியது. பதினாறு டக் எண்ணினேன்.

"ரெண்டும் ஒரே கையெழுத்து" என்றார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இது ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அவர் எத்தனை என்று கேட்கவே இல்லை.

"மொத்தம் பதினொண்ணு சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினொன்றிலும் அவர் பார்வையிட்டதாகக் கையெழுத்து இருந்தது. மேலே தெரிந்தால் அவருக்கும் கேள்வி வரும். ரிப்போர்ட்டை மடித்து இழுப்பறையில் போட்டார். "உம்ம காகிதம் போகும். இதப் பத்தி வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றார்.

ஒன்பதாவது நாள் அண்ணாச்சிக்கு மாற்றல். எங்கோ வடக்கே, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாத தூரம். இருபத்தாறாவது நாள் எனக்கு ஆர்டர் வந்தது. சுரண்டையில் சொன்னபடி நாள் பார்த்தார்கள்.

சலூனில் அன்று வரை யாரும் என்னைப் போல எண்ணியதில்லை. ஆனால் ஒன்பதையும் இருபத்தாறையும் அவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

"ஸ்டேஷன்ல என்னவே கேட்டாவ?" என்று வியாபாரி ஒரே ஒரு தடவை கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரி" என்றார். விளம்பரம் மட்டும் உள்ள தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அதன் பிறகும் ஒன்பது வருஷம் அங்கேதான் முடி வெட்டிக்கொண்டேன். வேறு சலூனுக்குப் போனால், அண்ணாச்சியைக் காட்டிக்கொடுத்து ஆர்டர் வாங்கினேன் என்று அவர்கள் நினைத்தது சரி என்று ஆகிவிடும். போகாவிட்டாலும் அது சரிதான் என்பது வீட்டில் சும்மா படுத்திருக்கும்போது தெரியும்.

சந்திரனில் மனிதன் இறங்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலுக்கு வரும் முன்பே வியாபாரியின் குரல் கேட்டது; என்னவோ சொல்ல ஆரம்பித்திருந்தார். நான் படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. சலூன்காரர் துண்டை உதறினார்.

"கட்டிங்கா, சேவிங்கா?"

"கட்டிங்."

கண்ணாடியில் பெஞ்சு தெரிந்தது. ஆறு பேர். நான்கு பேர் கையில் தாள் இருந்தது. மனிதன் சந்திரனில் நடந்திருக்கிறான். தென்காசியில் அதற்கு ஒரு வார்த்தை இல்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். முடிந்ததும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். மூன்றாவது கடையைத் தாண்டும்போது பின்னால் பெரிய சிரிப்புச் சத்தம் எழுந்தது.

நின்றேன். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று அங்கிருந்து எண்ண முடியவில்லை.