வக்பு கம்பியூட்டரில் ஒரு கபுறைத் தேடிய கதை

சீ என்று இன்றைக்கும் என் மேலேயே வெறுப்பு வருகிறது. கல்முனையில் எங்கள் பள்ளிவாசலில் ஒரு கம்பியூட்டர் இருக்கிறது. ஒரு ஹாஜியார் மவுத்தான தன் உம்மாவின் பேரில் பள்ளிவாசலுக்குத் தானமாய் வக்பு செய்தது. உள்ளே அரதப் பழசான லினக்ஸ். அடக்கம் செய்யும் மையவாடியில் எந்தக் கபுறு யாருடையது என்ற பதிவு அதில்தான். யாரோ அந்தப் பதிவை வீட்டில் புதிய மென்பொருளில் திருத்திக் கொண்டுவந்து போட, பழசால் அதைத் திறக்க முடியவில்லை.

கட்டாரிலிருந்து லீவில் வந்த, அண்ணன் முறையில் நான் காக்கா என்கிற ஒருவர் தன் வாப்பாவின் கபுறைத் தேடி வந்தார். வாப்பா மவுத்தானபோது அவரால் வர முடியவில்லை. மாரி மழை மணலைச் சமப்படுத்திவிட்டதால் அடக்கியவர்களுக்கே இப்போது இடம் பிடிபடவில்லை. லீவு முடிய நான்கு நாள்தான் இருந்தது.

கம்பியூட்டர் திருத்துகிறவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். புது லினக்ஸ் போடுவோம் என்றேன். பள்ளிவாசல் தலைவர் சம்மதிக்கவில்லை.

"வக்பு சாமான் தம்பி. தந்த மாதிரியே இரிக்கணும். உள்ளுக்க ஒண்டையும் மாத்தப்படாது."

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. பழசைத் தொடாமல், தனி ஃபோல்டரில் அந்தப் புதிய மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டத் தொடங்கினேன். அது தனக்குத் துணையான நிரல் தொகுப்பு, புதிய லைப்ரரி, கேட்டது. லைப்ரரியைக் கட்டப் போனால் அது நிரலைக் கட்டித்தரும் புதிய கம்பைலர் கேட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

அசர் தொழுதுவிட்டு அந்தக் காக்கா தினமும் வந்து என் பின்னால் நிற்பார்.

"இண்டைக்குச் சரிவருமா தம்பி?"

"நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்."

திரையில் ஓடும் பிழைச் செய்திகளை அவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருப்பார். அல்லாஹ்வின் பேரையே சாக்குக்கு எடுத்த கேடுகெட்ட வாய் இது.

ஐந்தாம் நாள் காலை எல்லாம் கட்டி முடிந்து பதிவு திறந்தது. வென்றுவிட்டேன் என்று வெட்கமில்லாமல் துள்ளினேன். அவர் முந்தின நாளே விமானம் ஏறிவிட்டார். கட்டாருக்கு ஃபோன் எடுத்து, தெற்கு மதிலோரம் மூன்றாம் வரிசை, ஏழாவது கபுறு என்றேன்.

அவர் அதைப் பக்கத்தில் நின்ற தன் மகளிடம் சொன்னார். பிறகு கேட்டார்.

"மகள் கேக்கா, அந்த ஃபைல பென்டிரைவில எடுத்து வேற கம்பியூட்டர்ல திறந்திருக்க ஏலாதா எண்டு."

ஏலும். எனக்கு அது முதல் நாளே தெரியும். பழசில் கட்டத் தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அதைச் செய்யவில்லை.

"ஓம் காக்கா."

"எவ்வளவு நேரம் புடிச்சிருக்கும்?"

"அஞ்சு நிமிஷம்."

"சரி தம்பி," என்றார். "நான் மையவாடி வாசல்ல நிண்டு எல்லாருக்கும் பொதுவா ஓதிட்டு வந்தன். இனி லீவு ரெண்டு வருஷம் கழிச்சித்தான்."