மூட்டை தூக்கிய மாப்பிள்ளை

நான் விரட்டிவிட்டேனாம். மாமியார் கொடுமை தாங்காமல் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். எதிர் வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். கூடவே இன்னொன்று: அவர் வீட்டுக்குள் மாந்திரீகம் செய்தாராம், அதைக் கண்டுபிடித்துத்தான் நான் வெளியே அனுப்பினேனாம். இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும். நான் கொடுமைக்காரியா, தெருவைக் காப்பாற்றியவளா? இரண்டு வேலையையும் ஒருத்தியே எப்படிப் பார்ப்பது?

மாந்திரீகம் என்றால் என்னவென்று சொல்லுகிறேன், கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மாப்பிள்ளையும் அவருடைய கூட்டாளிகளும் உட்காருவார்கள். பேருந்து ஓட்டுகிற தம்பி ஒருவன், தையல்காரர் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி. அந்தப் பெண்தான் கதை சொல்லுகிறவள். மற்றவர்கள் ஆளுக்கு ஒருவனைக் கற்பனையில் செய்து வைத்திருப்பார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, இப்படி. "குகைக்குள்ள ஒரு பூதம் தூங்குது. என்ன செய்யறீங்க?" என்று அவள் கேட்பாள். இவர்கள் தங்கள் ஆள் என்ன செய்வான் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார்கள். அந்தப் பகடைக்கு இருபது முகம். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் பூதம் கண்ணைத் திறக்கும். பந்தயம் கிந்தயம் ஒன்றும் கிடையாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்தப் பிணத்தோட கையில மோதிரம் இருக்கா பாருங்க" என்று சத்தமாகக் கேட்டால் எதிர் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அது ஒன்றுதான் அவர்கள் செய்த தப்பு. அவர்கள் கையில் வைத்திருக்கிற தாளை எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

மாப்பிள்ளைக்கு ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற வேலை. பையை மாட்டி மாட்டி வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அந்தப் பைக்குள் இல்லாத சாமான் கிடையாது. கம்பெனியே மறந்துபோன பழைய பெட்டிகளின் உதிரியெல்லாம் அதில் தூங்கும். கையை விட்டால் கண்ணால் பார்க்காமலே எடுப்பார். எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்து மாட்டுவார். ஊர் ஃப்ரிட்ஜ் எல்லாம் குளிரும்; எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுக்கு மட்டும் நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கிறோம். கதவு ரப்பர் அவர் பையிலேயே இருக்கிறது.

"மாட்டிடுங்களேன் மாப்பிள்ளை."

"இருக்கட்டும் அத்தை. இதைவிட மோசமான கதவு ஒண்ணு வரும். அப்போ கைல இல்லன்னா என்ன பண்றது?"

விளையாட்டில் ஆள் செய்கிறபோதும் அதே புத்தி. பகடை உருட்டி ஆறு எண் எடுக்க வேண்டும். அதைப் பலம், வேகம், தாங்குகிற சக்தி, படிப்பு, விவேகம், பேச்சு என்று ஆறுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். ஓட்டுநர் தம்பி பெரிய எண்ணைப் பலத்துக்குக் கொடுத்தான். தையல்காரர் மந்திரவாதி ஆயிற்றே, படிப்புக்குக் கொடுத்தார். எங்கள் மாப்பிள்ளை பெரியதைத் தாங்குகிற சக்திக்கும், இருப்பதிலேயே சின்னதைப் பேச்சுக்கும் கொடுத்தார்.

"உங்க ஆள் யாரு அண்ணா?" என்று கேட்டாள் மருந்துக்கடைப் பெண்.

"மூட்டை தூக்குறவன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஆளாளுக்கு வாளைத் தூக்கிட்டா சட்டி பானையை யாரும்மா தூக்குறது?"

"பேச்சு இவ்வளவு கம்மியா இருந்தா கடைக்காரன்கிட்ட பேரம்கூடப் பேச முடியாது அண்ணா."

"அது நமக்குப் பழக்கம்தான்."

அதற்கப்புறம் கிடைத்த மந்திரச் சாமான் எல்லாம் அந்த மூட்டைக்குள்தான் போனது. தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும் கயிறு. பொய் சொல்லுகிறவன் பிடித்தால் அணைந்துபோகிற விளக்கு. சாகக் கிடப்பவனை எழுப்பி உட்கார வைக்கிற மருந்து, ஒரு மடக்கு. ஒரு ஊதல்: யாரை நினைத்து ஊதுகிறோமோ அவர் எங்கே இருந்தாலும் வந்து பக்கத்தில் நிற்பார், ஆனால் ஒரே ஒரு தடவைதான் ஊதலாம். உள்ளே போனதைத்தான் நான் கேட்டிருக்கிறேன், வெளியே வந்ததைக் கேட்டதில்லை. தையல்காரர் கிணற்றில் இறங்கக் கயிறு கேட்டபோதுகூட, "சேலையைக் கிழிச்சுக் கட்டி இறங்குங்க சார், இந்தக் கயிறு வேற ஒண்ணுக்கு ஆகும்" என்றார். அந்தக் காட்டில் சேலைக்கு எங்கே போவது?

ஒரு நாள் ஓட்டுநர் தம்பியின் வீரன் செத்துப்போனான். அன்றைக்கு நடந்ததுதான் பெரிய சண்டை.

"மருந்து உங்க மூட்டையில இருந்துச்சா இல்லையா அண்ணே?"

"இருந்துச்சு."

"ஏன் குடுக்கல?"

"இன்னும் பெரிய அடி படும்னு நெனச்சேன்."

"செத்ததுக்கு மேல என்னண்ணே பெரிய அடி?"

நான் கொடுத்த டீயைத் தொடாமல் போய்விட்டான். அடுத்த வாரம் புதிதாக ஒருத்தனைச் செய்துகொண்டு வந்தான். அந்தப் புது ஆள் தனக்கு வேண்டிய மருந்தைத் தன் இடுப்பிலேயே கட்டியிருந்தான்.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாதது ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. என் மகள் நர்ஸ். ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல பதவி கிடைத்தது. வீடும் கொடுத்தார்கள். "முன்னால போ, நான் பின்னாலயே வந்துடறேன்" என்று மாப்பிள்ளை ஏற்றிவிட்டு வந்தார். வந்தவர் வந்தவர்தான். ஒரு மாதம், ஐஸ் கடைக்காரரின் பெட்டி பாதியில் நின்றது. இன்னொரு மாதம், மழை வரப்போகிறது, மழையில்தான் மோட்டார் புகையும். எதுவும் இல்லாத மாதத்துக்கு நான் இருந்தேன். "அத்தையைத் தனியா விட்டுட்டு எப்படி?"

"உங்க அடுத்த மாசம் எந்த வருஷத்துல வருது?" என்று அவள் ஃபோனில் கேட்டது எனக்கே கேட்டது.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் பரவாயில்லை. பிறகு பேச்சு குறைந்தது. சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, சரி வைக்கட்டுமா. ஒரு சாயங்காலம் ஃபோனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றார்.

"அத்தை, இன்னிக்கு அவ கேக்கல."

"என்ன கேக்கல?"

"எப்போ வரேன்னு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "என்னையும் ஒரு சாமானா நெனச்சு மூட்டையில கட்டிக்காதீங்க மாப்பிள்ளை. எனக்குக் கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. எதிர் வீட்டுக்காரியோட சண்டை போட ஆளும் வேண்டாம், நானே போட்டுக்குவேன்." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆட்டியதற்கு அர்த்தம் சரி என்பதா, யோசிக்கிறேன் என்பதா, தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதையில் தண்ணீர் வந்தது. பாழடைந்த கோட்டைக்குள் எல்லோரையும் வெள்ளம் பிரித்துவிட்டது. மூட்டை தூக்குகிறவன் மட்டும் ஒரு கல் அறைக்குள் தனியாக மாட்டிக்கொண்டான். தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

"ஊதல் இருக்குல்ல அண்ணே. என் ஆளைக் கூப்பிடுங்க, கதவை ஒரே உதையில ஒடைப்பான்" என்றான் ஓட்டுநர் தம்பி. சொல்லிவிட்டு அவனே பெருமூச்சு விட்டான், இவர் எங்கே ஊதப்போகிறார் என்று.

"ஊதுறேன்" என்றார் மாப்பிள்ளை.

நான் வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"யாரை நெனச்சு அண்ணா?"

என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பகடையைப் பார்த்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரிய" என்றார்.

மருந்துக்கடைப் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். "அவங்க இந்தக் கதையில இல்லையே அண்ணா."

"இல்லதான்."

"வேற யாரையாவது சொல்றீங்களா? இன்னும் ஊதலன்னு வெச்சுக்கலாம்."

"இல்லம்மா. ஊதியாச்சு."

அவள் நல்ல பெண்தான், ஆனால் கதையில் சலுகை காட்டமாட்டாள். "சரி. சத்தம் போச்சு. யாரும் வரல. தண்ணி இடுப்புக்கு வந்தாச்சு. என்ன செய்யறீங்க?"

"மூட்டையோட நீந்த முடியுமா?"

"முடியாது."

"அப்போ மூட்டையைக் கீழ போடறேன்."

தையல்காரர் வாயில் வைத்த பிஸ்கட்டை எடுத்துவிட்டார். "சார், கயிறு. விளக்கு."

"எல்லாம்தான்."

பகடையை உருட்டினார். பதினெட்டு விழுந்தது. மூட்டை தூக்குகிறவன் உயரத்தில் இருந்த ஜன்னல் ஓட்டை வழியாக வெறுங்கையோடு வெளியே வந்து, புல்லில் விழுந்து மூச்சு வாங்கினான். இந்தப் பக்கம் இரண்டு பேர் சாமானை எல்லாம் வெள்ளத்தில் விட்டுவிட்டு இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "பத்துப் பதினஞ்சு தடவை செத்துப் பொழைச்சு சேத்ததுண்ணே" என்றான் ஓட்டுநர் தம்பி. அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு டீயை இரண்டு டம்ளர் குடித்தான்.

அந்த வாரமே கிளம்பினார். தொழில் பையையும்தான் எடுத்துக்கொண்டார். சாமியாராகவா போகிறார், விட்டுவிட்டுப் போக? "நீங்களும் வாங்க அத்தை" என்று நாலு தரம் கூப்பிட்டார். நாலு தரமும் மாட்டேன் என்றேன். ஒரு கையில் பெட்டி, தோளில் பை, ஒரு கால் வாசற்படிக்கு வெளியே. அப்போது ஃபோன் அடித்தது. எடுக்காதீங்க என்று நான் சொல்லுவதற்குள் எடுத்துவிட்டார். யாரோ ஒரு அம்மா. ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறதாம், உடனே வரவேண்டுமாம்.

மாப்பிள்ளை தோள் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "நான் ஊர்ல இல்லைங்க" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துபோயிருந்தது. அப்புறம் குனிந்து, இன்னும் வீட்டுக்குள் இருந்த தன் இன்னொரு காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவசர அவசரமாக அதையும் எடுத்து வெளியே வைத்தார்.