அகலப் பக்கத்து ஆறு குச்சி

பேத்தி பிறந்து பதினெட்டு நாள். தச்சருக்கு வயிறு எரிய ஆரம்பித்தும் அதே பதினெட்டு நாள்தான்.

அவர் தூக்கினால் குழந்தை வீலென்று கத்தும். சம்பந்தி தூக்கினால் கப்சிப். சம்பந்தி தையல்காரர். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டே குழந்தை தூங்கிப்போகும்.

"எங்க அப்பா கைராசி அப்படி, மாமா" என்று மருமகள் வேறு எண்ணெய் ஊற்றுவாள்.

தச்சர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். நாற்பது வருடம் பட்டறையில் கதவும் பெஞ்சும் செய்து கை காய்த்துப்போனவர். பேத்தியின் கட்டிலில் வேறு கை படக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். போட்டிருக்கிற சட்டை அந்த மனுஷன் தைத்தது, பிடிக்கிற நாடா அவருடையது. தூங்குகிற இடமாவது என்னுடையதாக இருக்கட்டுமே!

நீளப் பக்கத்தில் இரண்டு கால்களுக்கு நடுவே நூற்று இருபத்துமூன்று சென்டி. குழந்தை விழாமல் தடுப்பாக நிறுத்தும் குச்சி ஒவ்வொன்றும் மூன்று சென்டி அகலம். இடைவெளி சரியாக ஆறு இருக்க வேண்டும், மருமகளின் உத்தரவு. தச்சர் பன்னிரண்டு குச்சி வைத்துப் பார்த்தார், பதினாலு வைத்துப் பார்த்தார். மீதி இடத்தைக் குச்சி எண்ணிக்கையால் பங்கு போட்டுக் குறித்தார். ஒவ்வொரு தடவையும் கடைசிக் குச்சி கட்டில்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

குழந்தையைத் தோளில் போட்டபடி சம்பந்தி வந்து எட்டிப் பார்த்தார்.

"பொத்தான் வைக்கிற கதைதான் சம்பந்தி. குச்சியை விட இடைவெளி ஒண்ணு கூட வரும்ல?"

துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினார்.

3கு + 6கு + 6 = 123

"எத்தனை குச்சின்னு தெரியல, அதான் கு. அந்தக் கூடுதல் ஆறை ரெண்டு பக்கமும் கழிங்க. ஒன்பது கு, நூத்திப் பதினேழு. ஒன்பதால வகுத்தா பதிமூணு குச்சி."

தப்பாகப் போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே தச்சர் பதின்மூன்றை அடுக்கினார். மயிரிழை பிசகவில்லை.

"அப்பா கணக்குல புலி!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

சம்பந்தி குழந்தையை உள்ளே படுக்கவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். தச்சர் பலகையை முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார். அகலப் பக்கம் அறுபது சென்டி. ஆறைக் கழித்தால் ஐம்பத்துநாலு. ஒன்பதால் வகுத்தால்...

"அகலத்துக்கு ஆறு குச்சி!"

அவர் போட்ட சத்தத்தில் குழந்தை எழுந்து அலறியது. சம்பந்தி டம்ளரோடு ஓடி வந்தார்.

"நான் இன்னும் அளக்கவே இல்லையே!"

"வேணாம். நாடா உங்க கழுத்துலேயே கிடக்கட்டும்."

கட்டில் தயாரானது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மருமகள், "ரெண்டு தாத்தாவும் சேர்ந்து செஞ்சது" என்றாள். தச்சருக்குப் பொறுக்கவில்லை.

"நீளத்துக்குத்தான் அவர் கணக்கு. அகலப் பக்கம் ரெண்டும் என் கணக்கு. குழந்தை தலை வெச்சுத் தூங்குற பக்கம் என்னுது!"

சம்பந்தி நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கால் நீட்டுற பக்கமும் உங்களுதுதான் சம்பந்தி. பாருங்க, அங்கதான் உதைக்கிறா."