கொண்டி இல்லாத கதவும் பேச்சித்தாயின் முதுகும்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியைப் படம் எடுப்பார்கள், குரங்கைப் படம் எடுப்பார்கள், சிப்ஸ் தின்கிற சொந்தக்காரர்களைப் படம் எடுப்பார்கள். பேச்சித்தாயின் முதுகை யாரும் எடுத்ததில்லை. எடுத்திருக்க வேண்டும். பெண்கள் உடை மாற்றும் அறைக்கு இருந்த ஒரே தாழ்ப்பாள் அதுதான்.

அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நாலு சுவர், தரை முழுக்கப் பாசி, கம்பி தெரிகிற கூரை. குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. கூப்பிடு தூரத்தில் மலையே தண்ணீராகக் கொட்டுகிறது, குழாய்க்கு மட்டும் கோடை. ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் வெளிச்சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். உள்ளே ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெண்கள் அறைக்குள் ஆண்பிள்ளை எப்படிப் போவது என்று அவ்வளவு நாகரிகம். உள்பக்கக் கொண்டி எந்த வருஷம் துருப்பிடித்து விழுந்ததோ, யாருக்கும் ஞாபகமில்லை.

அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் பேச்சித்தாய் ஷாம்பு பாக்கெட்டும் சீயக்காயும் துண்டும் விற்றாள். கடை என்றால் ஒரு பழைய மேஜை, மேலே நீலத் தார்ப்பாய். புளியறை செக்போஸ்ட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஒருநாள் ஒரு லாரியோடு கேரளாவுக்குள் போனான், போனவன் போனவன்தான். வீட்டில் கிடந்த தார்ப்பாய் கடைக்குக் கூரையாயிற்று. "அந்த மனுசன் குடுத்த நெழலு இது ஒண்ணுதான்" என்பாள். அந்த நிழலில் இருந்துதான் மகள் மஞ்சுவைப் படிக்கவைத்துத் திருவேங்கடத்தில் கட்டிக்கொடுத்தாள்.

எவளோ ஒருத்தி, "யக்கா, செத்த கதவப் பிடிச்சுக்கிடுதீங்களா?" என்று கேட்டதில் ஆரம்பித்தது எல்லாம். பேச்சித்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்க நேரமே இல்லை. உட்கார்ந்தபடியே வியாபாரம், உட்கார்ந்தபடியே சோறு. கிட்டே வந்து கழுத்தை நீட்டுகிறவனை, "ஏலே, இது என்ன ரேசன் கடையா, எட்டிப் பாக்குத? போலே அங்கன!" என்று விரட்டுவாள்.

எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற முகம்மது மீரான் ஒருதரம் புதுக் கொண்டி வாங்கிவந்து அடித்துப் பார்த்தார். பலகை உளுத்திருந்தது. ஆணி நிற்கவில்லை, மாவாகக் கொட்டியது.

"யக்கா, பஞ்சாயத்து ஆபீசுல ஒரு மனு குடுத்திருவோம்" என்றார்.

"குடுத்தா வருவாங்க அண்ணாச்சி. வந்தா கண்ணுக்கு அந்தக் கதவு தெரியாது. எங்க கடைதான் தெரியும்."

கடைக்கு அனுமதி கிடையாது. அதனால் வாயை மூடிக்கொண்டு முதுகைக் கொடுத்தாள்.

போன ஆடியில், கூட்டம் நெரிகிற ஒரு மத்தியானம், அவளுக்கு ஒன்றுக்கு முட்டியது. கட்டணக் கழிப்பறை அடைத்துக்கொண்டு நாறிக் கிடந்தது. லாட்ஜ் பக்கம் ஓடினாள். அந்த இடைவெளியில் போதையில் வந்த ஒரு கூட்டம் கதவைப் பிடித்து இழுத்தது. உள்ளே கடையநல்லூர்ப் பெண் ஹஸீபா, கல்யாணமாகி மூன்று மாதம், மாப்பிள்ளை துபாயில். இரண்டு கையாலும் கதவை உள்பக்கம் இழுத்துப் பிடித்தாள். கால் பாசியில் வழுக்கியது. மணிக்கட்டு ஒடிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பேச்சித்தாய், விற்க வைத்திருந்த துண்டுகள் அத்தனையையும் அள்ளி அந்தப் பிள்ளையைப் போர்த்தினாள். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் ஹஸீபா பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள்: "நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தான்க்கா உள்ள போனேன்."

மறுநாள் காலையில் பேச்சித்தாய் ஆபீஸ் வாசலில் நின்றாள். கடையைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்துவிட்டுத்தான் போனாள். அதிகாரி தன்மையாகப் பேசினார். "இன்னைக்கே நடவடிக்கை எடுக்கோம்மா."

சொன்ன சொல் தவறவில்லை. சாயங்காலமே ஆள் வந்தது. மேஜையையும் தார்ப்பாயையும் வண்டியில் ஏற்றினார்கள். கதவின் வெளிப்பக்கம் இரும்புப் பட்டை வைத்து, போல்ட் முடுக்கி, பெரிய பூட்டாகப் போட்டார்கள். உளுத்த பலகையில் போல்ட் மட்டும் எப்படி நின்றது? மனசு இருந்தால் நிற்கும் போலிருக்கிறது. 'பராமரிப்புப் பணி' என்று பலகை தொங்கியது. சாவி காவலாள் இசக்கியப்பனின் இடுப்பில் தொங்கியது.

அதன்பிறகு பெண்கள் பஸ் மறைவிலும் மரத்தடியிலும் ஈரத்தோடு நடுங்கினார்கள். பேச்சித்தாய் ஒரு கூடையில் ஷாம்பு பாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அவர்களுக்கு நடுவே சேலையை விரித்துப் பிடித்தபடி அலைந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கார் வந்தது. அதிகாரி வீட்டம்மாவும் இரண்டு மகள்களும். இசக்கியப்பன் ஓடிப்போய்த் திறந்தான். உள்ளே போன அம்மா அதே வேகத்தில் வெளியே தலையை நீட்டினார்.

"ஏம்பா, உள்ள கொண்டியே இல்லையே! யாராச்சும் கதவப் பிடிங்களேன்!"

இசக்கியப்பன் ஆண்பிள்ளை. கூட்டத்தில் பேச்சித்தாயைத் தேடினான்.

"யக்கா... கொஞ்சம்..."

"என்னலே கொஞ்சம்?"

"முதுகு."

"குடுக்கேன். ஆனா ஒரு வீட்டு ஆளுக்குன்னு தனியா குடுக்கிற முதுகு இல்ல இது." திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏட்டி, எல்லாரும் வாங்க! தெறந்தாச்சு!"

நனைந்த பெண்கள் திபுதிபுவென்று உள்ளே போனார்கள். அந்த அம்மாவும் அவர்களோடு ஒருத்தியாக உடை மாற்றிக்கொண்டு, போகும்போது, "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றார். கொண்டியைப் பற்றி வீட்டில் போய்ச் சொன்னாரோ என்னவோ, யாரும் வரவில்லை.

சாயங்காலம் பூட்டைக் காணவில்லை. நாதாங்கியில்தான் மாட்டிவைத்தேன் என்று இசக்கியப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கொரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் மீரான், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். குற்றாலத்தில் அந்தப் பதிலை எந்த ஆபீசும் மறுத்து எழுத முடியாது. பேச்சித்தாயின் கூடை அன்றைக்குக் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

இப்போது கதவு திறந்திருக்கிறது. கொண்டி வரவில்லை, புதுப் பூட்டும் வரவில்லை, கடையும் வரவில்லை. தரையில் அதே பாசி. அவள் ஸ்டூலைப் போட்டு முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். மீரான் டீயை நீட்டினால், "வேண்டாம் அண்ணாச்சி" என்கிறாள். தண்ணீர் நீட்டினாலும் அதே பதில். நாக்கு வறண்டு உதடு வெடித்திருக்கிறது, பின்னால் அருவி கொட்டுகிறது. காலையில் உட்கார்ந்தால் இருட்டுகிறவரைக்கும் பேச்சித்தாய் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழுந்திருக்க வேண்டிவரும்.