ராஜாராமுக்காகப் போன வேதகிரி

பெருநகர் கிராமத்துப் பண்ணையார் ராஜாராமுக்கு எந்த வேலை வந்தாலும் அது வேதகிரி தலையில்தான் விடியும். ரேஷன் கடை வரிசையில் அவருக்காக நிற்பது வேதகிரி. ஏரிக்கரை உடைந்து, வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று தமுக்கடித்தால், ராஜாராம் வீட்டு ஆளும் வேதகிரிதான். பதினாலு வயதில் அந்தப் பண்ணையில் சேர்ந்தவர், நாற்பத்தைந்திலும் அங்கேயே இருந்தார். எண்பத்து நான்காம் வருஷம் மெட்ராஸிலிருந்து இருதய நோய்க் கணக்கெடுப்பு என்று ஒரு குழு வந்தது. பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பொறுக்கி எடுத்ததில் ராஜாராம் பெயர் இருந்தது. போனது வேதகிரி. ஊரில் யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை.

"பாட்டில் பாட்டிலா ரத்தம் எடுக்கறானுங்களாம்டா. நீ போய் குட்த்துட்டு வா. என் பேரச் சொல்லு, போதும்" என்றார் ராஜாராம். ஊசி என்றாலே அவருக்கு உயிர் போய்விடும். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வேதகிரி வெறும் வயிற்றோடு, குழு வந்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றார். நிலம் எவ்வளவு என்று கேட்டார்கள். "பதினஞ்சு காணிங்க" என்றார். நெய் சேர்ப்பதுண்டா? "தெனமும் உண்டுங்க." பெயர் ஆண்டையுடையது என்றால் நெய்யும் ஆண்டையுடையதுதானே! எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு தடவை தலை நிமிர்ந்திருந்தால், தினமும் நெய் சாப்பிடுகிற உடம்பா இது என்று கேட்டிருப்பார். நிமிரவில்லை. கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தாளில் கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாளில் ராஜாராமுக்கு ஒரு கார்டு வந்தது. ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து, அப்படியே விட்டால் பக்கவாதமோ மாரடைப்போ வரும், வெள்ளிக்கிழமை உத்திரமேரூர் முகாமுக்கு வரவும் என்று இருந்தது. வீடு இழவு வீடாகிவிட்டது. மனைவி ஆதிலட்சுமி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ராஜாராம் உப்பை விட்டார், நெய்யை விட்டார், கட்டிலோடு படுத்துவிட்டார். பட்டை சுற்றியது தன் கையில் இல்லை என்பது அவருக்கு நினைப்பே வரவில்லை. முப்பது வருஷமாக வேதகிரி செய்ததெல்லாம் தான் செய்ததாகவே இருந்துவிட்ட மனுஷர், பாவம், இதை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

கூத்து என்னவென்றால், அந்த நினைப்பு வேதகிரிக்கும் வரவில்லை. ஆண்டைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் கண் கலங்கியபோது, மனைவி செங்கேணிக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், அது யார் ரத்தம்? உன் கையிலதான எடுத்தானுங்க? பின்மண்ட வலிக்குதுன்னு துண்ட இறுக்கிக் கட்டிக்கினு கீறது நீயா, உன் ஆண்டையா?"

வேதகிரி தட்டை நகர்த்தி வைத்தார். பதின்மூன்று வயது மகள் பச்சையம்மாளைப் பார்த்தார். செங்கேணி சொன்னது சரிதான் என்று பட்டது. ஆனால் யாரிடம் சொல்வது? சொன்னால் ஆண்டைக்குத் தலைகுனிவு, தனக்குப் பண்ணை வேலை போய்விடும். சொல்லாவிட்டால் உயிரே போகும்.

வெள்ளிக்கிழமை ராஜாராமின் பையைத் தூக்கிக்கொண்டு அவரும் பஸ் ஏறினார். முகாமில் ராஜாராமைக் கையெழுத்துப் போடச் சொல்லி, இரண்டு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார் டாக்டர். நூற்று முப்பதுக்கு மேல் ஏறவில்லை.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. மிஷின்ல தப்பு இருந்திருக்கும்" என்று பழைய கணக்கை அடித்துவிடப் பேனாவைத் திறந்தார். ராஜாராம் துள்ளி எழுந்துவிட்டார். வாசலில் நின்ற வேதகிரி ஒரு அடி முன்னால் வைத்தார். வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்றது.

குழுவில் ஞானசுந்தரி என்று ஒரு நர்ஸ். மதுராந்தகம் பக்கம் நடவுக்குப் போன குடும்பத்துப் பெண். அவள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ராஜாராமிடம் கேட்டாள்.

"இன்னைக்கு முத்து முத்தா கையெழுத்துப் போட்டீங்களே, அன்னைக்கு ஏன் ரேகை வெச்சீங்க?"

ராஜாராம் தரையைப் பார்த்தார். அவள் பார்வை அவரைத் தாண்டி, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, பையோடு நின்ற ஆளிடம் போனது.

"அன்னைக்கு வந்தது யாரு?"

"அவன்தாம்மா. நான்தான் அனுப்பிச்சேன்" என்றார் ராஜாராம். "டேய், வந்து கையக் காட்டுடா."

உயிருக்கு உலை வைக்க இருந்தவரும் அவர்தான் என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் நாலு பேர் முன்னால் அந்த வார்த்தை சொல்ல அவருக்கும் லேசில் மனசு வந்திருக்காது. வேதகிரி அதற்காக அவரை என்றைக்கும் நன்றியோடுதான் நினைத்தார்.

இப்போது இருநூற்று இருபது காட்டியது. டாக்டர் பதறிப்போனார். "இவர் நம்ம லிஸ்ட்லயே இல்லையே, எந்த நம்பர்ல எழுதறது?"

"லிஸ்ட்ல இல்லாட்டி இன்னா சார், எதிர்ல கீறாரே" என்று மாத்திரையை எடுத்தாள் ஞானசுந்தரி.

அதிலிருந்து மாதம் தவறாமல் உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினார் வேதகிரி. துண்டு தலையிலிருந்து தோளுக்கு இறங்கியது. உப்பு ஆகாதென்று கருவாட்டை நிறுத்தியதற்கு மட்டும் அந்த நர்ஸ் அம்மாவை மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

எண்பத்தொன்பது தை மாதம் பச்சையம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதல் பத்திரிகையை வெற்றிலைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் நேராக ஞானசுந்தரியிடம் போனார்.

"ஊர்ல சொந்த பந்தம் அத்தினி பேர் இருக்க, மொதல்ல எனக்கா?" என்றாள் அவள்.

"பொண்ணு கண்ணாலத்துல அப்பன்னு ஒருத்தன் நிக்கப்போறான்மா" என்றார் வேதகிரி. "அந்த அப்பன நீதான குட்த்த?"

ஞானசுந்தரி எழுந்து நின்று, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.