ஏணி மேல் லேலண்ட்

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் தீவின் படகுத்துறை விடுதியில் ஆட்டம் தொடங்கும். பெயர்தான் தேநீர் நடனம். அங்கே தேநீரைக் கண்டவர் யாருமில்லை, நான் ஊற்றிக் கொடுத்ததெல்லாம் வோட்காவும் ஜின்னும்தான். அறுபத்தேழாம் வருடம் அது. ஆணும் ஆணும் ஜோடியாக ஆடினால் கைவிலங்கு, மறுநாள் பத்திரிகையில் பெயர். அதனால் எல்லோரும் வரிசையாக நின்று ஆடுவார்கள். வரிசைக்கு ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். அதைக் கண்காணிக்க முதலாளி ஓர் ஏணி போட்டு, அதன் மேல் டார்ச்சோடு லேலண்ட் பிரிங்கரை உட்கார வைத்திருந்தார். யாராவது நெருங்கி ஆடினால் முகத்தில் வெளிச்சம் அடிப்பது அவன் வேலை.

லேலண்ட் அக்கரையில் பள்ளி வாத்தியார், பூகோளம். அவனும் எங்களில் ஒருவன்தான். ஆடப் பயந்துதான் ஏணி வேலையை ஒப்புக்கொண்டான். மேலே இருந்தால் துறையில் வரும் படகெல்லாம் தெரியும்.

"அடியே லேலண்ட், அங்கேயே முட்டை போட்டு அடைகாக்கப் போறியா? இறங்கி வாடி!" என்று கீழேயிருந்து கத்துவாள் ஹாரியட். நாடகக் கம்பெனியில் உடை தைப்பவள். எங்கள் வரிசைகளுக்கு வழக்கமான பெண் அவள்தான். ஆண்கள் எங்களையும் செல்லமாக 'அடி' போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"இறங்கினா வேலை போயிடும்."

"எந்த வேலைடி? இங்கயா, அங்கயா?"

அவன் சிரிக்க மாட்டான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, படகிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டான். டார்ச்சை மூன்று முறை மினுக்கினான். ஒரே நொடியில் கூட்டம் வரிசையாகிவிட்டது. மூலையில் ஒரு ஜோடி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடிக்கொண்டிருந்தது. லேலண்ட் வெளிச்சத்தை நேராக அதில் ஒருவர் முகத்தில் பாய்ச்சினான்.

கண்ணைத் திறந்தவர் வெண்டல் ஹோய்ட், லேலண்டின் பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவர். வருடா வருடம் வாத்தியார்களை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்பவர்.

கூட ஆடியவன் வரிசைக்குள் நழுவிவிட, ஹோய்ட்டும் லேலண்டும் அப்படியே உறைந்துபோனார்கள். ஹாரியட் ஓடிப்போய் ஹோய்ட்டின் கையைப் பிடித்து, "சிரிங்க, சார். பல்லு தெரியச் சிரிங்க" என்று இழுத்துச் சுற்றினாள். போலீஸ்காரர்கள் என்னிடம் சோடா வாங்கிக் குடித்தார்கள், நாலு பேரை முறைத்தார்கள், போனார்கள். அடுத்த படகிலேயே ஹோய்ட்டும் போய்விட்டார்.

லேலண்ட் ஏணியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தான்.

"என் முகத்தப் பாத்துட்டார். நான் இங்க இருந்தேன்னு சொன்னா முடிஞ்சுது."

"அவர் முகத்த நீயும்தானடா பாத்த," என்றேன்.

"அவருக்கு வீடு, பொண்டாட்டி, வக்கீல் எல்லாம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

அதன்பின் மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. தபால்காரன் சத்தம் கேட்டாலே வேலைநீக்கக் கடிதம்தான் என்று வாசலுக்கு ஓடுவானாம். பெட்டியில் துணிகளை அடுக்கித் தயாராக வைத்திருந்தானாம். செப்டம்பரில் பள்ளி திறந்த மூன்றாம் நாள், பிள்ளைகள் போனபின் வகுப்பறைக் கதவு திறந்தது. ஹோய்ட். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அங்கு நடந்ததை லேலண்ட் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

"மிஸ்டர் பிரிங்கர், லீவுல எங்கயாவது போயிருந்தீங்களா?"

"இல்லையே. வீட்டுலதான் இருந்தேன்."

"நானும் வீட்டுலதான் இருந்தேன்."

சுவரிலிருந்த உலக வரைபடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாராம். பிறகு பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீங்க யார்கிட்டயாவது சொல்லிடுவீங்களோன்னு நாலு வாரமா தூக்கமில்ல."

"நானா? நீங்க சொல்லிடுவீங்கன்னுல்ல நான் பயந்துட்டிருந்தேன்!"

லேலண்ட் சிரித்துவிட்டானாம். அவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஹோய்ட் அந்தக் குளிர்காலத்திலேயே குழுவிலிருந்து விலகி, குடும்பத்தோடு ஒஹாயோ போய்விட்டார். தீவுப் பக்கம் மறுபடி வரவேயில்லை. "நான் அந்த மனுஷன் முகத்துல வெளிச்சம் அடிச்சிருக்கக் கூடாது" என்று லேலண்ட் பலமுறை சொல்லியிருக்கிறான். அடிக்காமலிருந்தால் விலங்கு விழுந்திருக்கும் என்று நானும் பலமுறை சொன்னேன். கேட்டுக்கொள்வான், நம்பமாட்டான்.

சில வருடத்தில் போலீஸ் கெடுபிடி தளர்ந்து, ஏணியை எடுத்துவிட்டார்கள். டிஸ்கோ வந்தது, தரை அதிர்ந்தது, சட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஜோடி ஜோடியாக ஆடினார்கள். லேலண்டும் ஆடினான். தாளம் ஒருபக்கம், கால் ஒருபக்கம். ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஜோடியின் தோளிலிருந்து அவன் கை தானாகக் கீழே இறங்கும். வந்தவன் யாரென்று தெரிந்தபின்தான் மறுபடி மேலே போகும்.