ஒரு தட்டு வராத விருந்து

தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் மேசையில் யாரும் கை வைக்கவில்லை. பக்கத்து மேசையில் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணிமார் நண்டு உடைக்கிற சத்தம் கேட்டது. எண்பதுகளில், மலேசியாவின் கிள்ளானில் ஒரு குளுகுளு ரெஸ்டாரண்டில் நடந்தது இது.

நாங்கள் கோலசிலாங்கூர் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிய பெண்கள். குலை வெட்டும்போது சிதறுகிற பழத்தைப் பொறுக்கிக் கோணியில் கட்டுவது வேலை. எங்கள் கூட்டம் போன இடத்தில் ஒரு பழம் கிடக்காது. துரை அதை மெச்சி, பெரிய ரெஸ்டாரண்டில் சாப்பாடு போடுவதாகச் சொன்னார். மழை என்றார்கள், கணக்கு முடியட்டும் என்றார்கள். ஒரு வருசம் போனது. அதற்கென்று தைத்த ரவிக்கை எனக்கு இறுக்கமாகிவிட்டது.

கடைசியில் லோரி வந்தபோது மாரியாயியையும் கையைப் பிடித்து ஏற்றினேன். அவள் காண்ட்ராக்ட்காரன் கொண்டுவந்து விட்ட ஆள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் எங்களோடுதான் குனிந்தாள். எங்களுக்குக் குத்திய முள்தான் அவளுக்கும் குத்தியது.

முதலில் பொதுவாக ஒரு சூப் வந்தது. பாத்திரம் அலசின தண்ணீர் மாதிரி இருந்தது, குடித்தோம். பிறகு ஆளுக்கு ஒரு தட்டில் மீன் வந்தது. வாசம் நன்றாகத்தான் இருந்தது. மாரியாயி முன்னால் மட்டும் வெறும் மேசைத்துணி.

கல்யாணமானாலும் கோயில் சோறானாலும் கடைசி இலைக்கும் பரிமாறுகிற வரைக்கும் நாங்கள் சோற்றைத் தொடுவதில்லை. நான் கையை மடியில் வைத்தேன். மற்றவர்களும் வைத்தார்கள்.

பெரிய கிராணி எழுந்து என்னிடம் வந்தார்.

"ஏம்மா பாப்பாத்தி, துரை பாக்குறாரு. மானத்த வாங்காத லா. காண்ட்ராக்ட் ஆளுக்கு நாங்க ஆர்டர் குடுக்கல."

மாரியாயி என் காதோடு சொன்னாள்: "அக்கா, நான் லோரியில போயி உக்காந்துக்கிறேன். நீங்க சாப்பிடுங்க."

அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"எங்க பந்தியில ஒரு எல காலியா கெடந்தா யாரும் தொட மாட்டோம் ஐயா. நீங்க போயி நண்டு சாப்பிடுங்க."

துரைக்குத் தமிழ் தெரியாது. என்ன சங்கதி என்று மலாயில் கேட்டார். ஒரு ஆளுக்கு இன்னும் சாப்பாடு வரவில்லை, வந்ததும் சாப்பிடுகிறோம் என்று நானும் மலாயிலேயே சொன்னேன். அவர் கிராணியைப் பார்த்தார். கிராணி சுவரைப் பார்த்தார். துரை பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

மாரியாயிக்குத் தட்டு வந்தபோது எங்கள் மீன் சில்லிட்டுக் கிடந்தது, குழம்பு கெட்டியாகியிருந்தது. அவளுடையதில் மட்டும் ஆவி பறந்தது. அவள் ஒரு துண்டு பிட்டு என் தட்டில் வைத்தாள். பிறகுதான் எல்லாரும் சாப்பிட்டோம். கடைசியில் வந்த கோழி எலும்போரம் வேகவே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் பெரட்டில் கிராணி என்னைச் சதுப்புக்காட்டுப் பக்கம் அனுப்பினார். முழங்கால் சேறு, அட்டை. போனேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே மாரியாயி கோணியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

இப்போது ராவாங் பேக்டரிக்குப் போகிற பிள்ளைகள், "அவங்க ஏஜென்சி ஆளு, நமக்கென்ன" என்று பேசக் கேட்கிறேன். உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவளுக்குத் தட்டு வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கையை மடியில் வையுங்கள். ஆறின மீனைத் தின்று யாரும் சாகவில்லை. நான் தின்றிருக்கிறேன்.